கண், மூக்கு, காது வைத்த செய்தி: சதிக்கதை பேப்பருக்குள் நுழையும் வழியும், வாசலில் மடக்கும் முறையும்

1983 ஜூலையில், டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘பேட்ரியாட்’ என்ற ஆங்கில நாளிதழில் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் பெயர் இல்லை. ‘பிரபல அமெரிக்க விஞ்ஞானி, மானுடவியலாளர்’ என்று மட்டும் போட்டிருந்தது. எய்ட்ஸ் என்ற புது நோய் தானாக வந்ததில்லை, அமெரிக்க ராணுவம் மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் டெட்ரிக்கில் உருவாக்கியது, அடுத்து அந்தச் சோதனைகள் பாகிஸ்தானுக்கு வரப்போகின்றன, இந்தியா ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதுதான் கடிதத்தின் சாரம். அதன் பின்னால் இருந்தது விஞ்ஞானி யாரும் இல்லை, சோவியத் உளவுத்துறையான கேஜிபி.

நாலு வருஷம் போனது. 1987 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் மாலைச் செய்தி. நாடே நம்பிக் கேட்ட டான் ராதர் அதே கதையை வாசித்தார். அவர் பொய் சொல்லவில்லை. சோவியத் ராணுவ வெளியீடு ஒன்று இப்படிச் சொல்கிறது என்றுதான் சொன்னார். வெளியீடு அப்படிச் சொன்னதும் நிஜம்.

டெல்லிக் கடிதத்துக்கும் நியூயார்க் ஸ்டூடியோவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், இன்று நம் ஊர் செய்தித் தளங்களில் நடப்பதும் புரிந்துவிடும். நான் பல வருஷம் ஒரு நாளிதழில் இரவு ஷிஃப்ட் உதவி ஆசிரியராக இருந்தவன். சதிக்கதையை நம்பிவிட்ட யாரோ ஒரு நிருபர்தான் அதை எழுதிவிடுகிறார் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அப்படி வந்தது அபூர்வம். நம்பாதவர்கள் கையால்தான் அது உள்ளே வருகிறது. ‘அவர் சொன்னார், நாம் போட்டோம்’ என்று தொழிலில் முதல் நாளே கற்றுக்கொடுக்கிறார்களே, அந்த நல்ல பழக்கம்தான் கதவு. டெஸ்க்குக்கு, அதாவது வரும் செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் மேசைக்கு, புதிதாக வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கும் வாசகருக்கும் இதே படிகள்தான்.

படி 1: முதல் வாயைக் கண்டுபிடியுங்கள்

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தானாம். பக்கத்து வீட்டுக்காரி அடுத்த தெருவில் போய் ‘காக்கா நிறத்தில் எடுத்தான்’ என்றாள். ஊர்க்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் காக்கா காக்காவாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இந்தக் கதையில் யாரும் பெரிய பொய்யர் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் கண், மூக்கு, காது வைத்தார்கள், அவ்வளவுதான். திட்டம் போட்டுக் கிளப்பும் கதையில் அப்படி இல்லை. முதல் ஆளே காக்காவைக் கூண்டோடு கொண்டுவந்திருப்பான். அதனால் கடைசி வாயிடம் நின்று ‘நிஜமா, நிஜமா’ என்று கேட்டுப் பயனில்லை. அவர் சத்தியம்கூடச் செய்வார்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரே கேள்வி: இவருக்கு யார் சொன்னது?

1987-இல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, எய்ட்ஸ் கதையை இப்படி இறக்கிப் பார்க்கலாம். மேலே சிபிஎஸ். அதற்குச் சொன்னது சோவியத் வெளியீடு. சரி, சோவியத் காரர்கள் மட்டும்தான் சொன்னார்களா? இல்லை. 1986 அக்டோபர் 26 அன்று லண்டனின் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. சோவியத்துக்கு ஆகாத வலதுசாரிப் பத்திரிகை அது. ‘அவர்களே போட்டுவிட்டார்கள்’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்தப் பத்திரிகை நம்பியது யாரை? பேட்டி கொடுத்தவர்களில் முக்கியமானவர் கிழக்கு ஜெர்மனியின் உயிர் இயற்பியலாளர் ஜேக்கப் செகல். அதே வருஷம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் அணிசேரா நாடுகள் மாநாடு நடந்தபோது அவருடைய கருத்துகள் துண்டுப் புத்தகமாக விநியோகிக்கப்பட்டிருந்தன. அதற்கும் முன்னால், 1985 அக்டோபர் 30 அன்று மாஸ்கோவின் ‘லிட்டரட்டூர்நயா கெஸெட்டா’ வார இதழில் ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரை எதை ஆதாரமாகக் காட்டியது? இந்தியாவின் மதிப்புக்குரிய நாளிதழ் ‘பேட்ரியாட்’ எழுதியிருக்கிறது என்றது.

தாளின் அடியில் நிற்பது டெல்லிக் கடிதம். அதற்குக் கீழே பெயர் இல்லை.

மாஸ்கோவில் தயாரான சரக்கு டெல்லிக்கு வந்து முத்திரை குத்திக்கொண்டு மாஸ்கோவுக்கே திரும்பிப் போயிருக்கிறது. அந்த முத்திரைக்காகத்தான் டெல்லி தேவைப்பட்டது. ‘நாங்கள் சொல்லவில்லையே, இந்தியப் பேப்பர் சொல்கிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? 1987-க்குள் இது 80-க்கும் மேற்பட்ட நாடுகளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது. அத்தனையும் ஒரே ஒரு பெயரில்லாக் கடிதத்தின் பிள்ளைகள். எண்பது பேப்பரில் வந்தால் எண்பது சாட்சி ஆகிவிடாது. ‘எல்லாத் தளத்திலும் வந்துவிட்டது சார், நாம்தான் பாக்கி’ என்று இரவு பதினோரு மணிக்கு ஒரு குரல் கேட்கும்போது இந்த எண்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் இன்னொன்றையும் குறியுங்கள்: தேதி. கடிதம் வந்தது 1983. மாஸ்கோ அதைக் கையில் எடுத்தது 1985. நடுவில் ரெண்டு வருஷம் கதை தூங்கியிருக்கிறது. தூங்கிய கதை திடீரென்று எழுந்தால் எழுப்பிய ஆள் இருப்பான். அந்த வருஷங்களில் சோவியத் தரப்பு நச்சு ஆயுதங்களைப் பயன்படுத்துவதாக அமெரிக்கா குற்றம்சாட்டிக்கொண்டிருந்தது. பதிலுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. எய்ட்ஸ் விஷயத்தில் நடவடிக்கை தொடங்கியிருப்பதாக 1985 செப்டம்பர் 7 அன்று கேஜிபி பல்கேரிய உளவுத்துறைக்கு எழுதிய தகவல் பின்னாளில் ஆவணக்காப்பகத்திலிருந்து வெளியே வந்தது.

படி 2: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

தமிழ்ச் செய்தி நடையில் சதிக்கதைக்கென்றே செய்துவைத்த மாதிரி சில சொற்கள் இருக்கின்றன. ‘கூறப்படுகிறது’ அதில் தலையாயது. கூறியவர் யார் என்று சொல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடலாம், இலக்கணமும் இடிக்காது. ‘சந்தேகம் எழுந்துள்ளது’ என்பார்கள். சூரியன் மாதிரி அது தானாக எழுந்துவிடுமா? ‘பரபரப்பு ஏற்பட்டுள்ளது’ என்று எழுதும் செய்திகளில் பாதி, அந்தப் பரபரப்பைத் தாமே ஏற்படுத்தியவை. ‘நெட்டிசன்கள் கேள்வி’ என்றால் பெரும்பாலும் மூன்று கணக்குகள், அதில் ஒன்றுக்கு முகப்புப் படம்கூட இருக்காது.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது ‘மர்மம்’. அடையாளம் தெரியாத ஆள் நம் பேப்பர்களில் ‘மர்ம நபர்’ ஆகிவிடுகிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை என்றால் ‘மர்மமான முறையில் இறந்தார்’. தெரியவில்லை என்பது ஒரு சாதாரண நிலை, நாளைக்குத் தெரிந்துவிடலாம். மர்மம் என்று எழுதிவிட்டால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றாகிவிடுகிறது. சதிக்கதைக்கு வேண்டிய முக்கால்வாசி வேலையை அந்த ஒரு சொல்லே செய்துகொடுத்துவிடுகிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். செய்தியில் ‘-ப்படுகிறது’ என்று முடியும் வாக்கியத்தையெல்லாம் செய்வினையாக மாற்றுங்கள். எழுவாயை மறைக்காமல் எழுதுங்கள். ‘இந்தத் தடுப்பூசியால் மலட்டுத்தன்மை வரும் எனக் கூறப்படுகிறது’ என்பதை மாற்றினால் என்ன கிடைக்கும்? ‘இந்தத் தடுப்பூசியால் மலட்டுத்தன்மை வரும் என்று, யார் என்று தெரியாத ஒருவர் பேசிய வாட்ஸ்அப் ஆடியோவில் ஒரு குரல் சொல்கிறது.’ இதை எந்த டெஸ்க்கிலும் போட மாட்டார்கள். ரெண்டு வாக்கியத்திலும் இருப்பது ஒரே தகவல்தான்.

அப்புறம் கேள்விக்குறி. இதைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு அருகதை குறைவு. பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய பீதி ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் இரவு, ஊரகப் பகுதியிலிருந்து பகுதிநேர நிருபர் நாலு பத்தி அனுப்பினார். வடமாநிலக் கும்பல் ஊருக்குள் புகுந்திருப்பதாகவும் மக்கள் தூங்காமல் காவல் இருப்பதாகவும் எழுதியிருந்தார். போன் போட்டேன். “யாரு பார்த்தாங்க?” என்றேன். “ஊரே சொல்லுது சார்” என்றார். பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிஷம்தான் இருந்தது. தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு, ‘மக்கள் பீதி’ என்று துணைத்தலைப்பும் கொடுத்து, ரெண்டு கலம் அகலத்தில் போட்டேன். ‘புகுந்ததா?’ என்றுதானே கேட்டிருக்கிறோம், புகுந்தது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம். மறுநாள் மதியம் என் உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கட்டிங்கைப் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: ‘வதந்தின்னு சொன்னீங்களே, பேப்பர்லயே போட்டுட்டான் பாருங்க.’ படத்தில் கேள்விக்குறி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

படி 3: தலைவர் சொன்னால், அவருக்கு யார் சொன்னது என்று கேளுங்கள்

பெரிய பதவியில் இருப்பவர் வாய் திறந்தால் அது செய்தி. இந்த விதியில் தப்பில்லை. ஆனால் சதிக்கதை உள்ளே வரும் பெரிய கதவும் இதுதான். 2023 மார்ச் முதல் வாரத்தில் நம் மாநிலத்தைப் பற்றியே நடந்ததால் இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை, இந்தி பேசுகிறார்கள் என்பதற்காகத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. சில இந்திப் பத்திரிகைகளும் தளங்களும் அதைச் செய்தியாக்கின. மார்ச் 2 அன்று பீகார் முதல்வர் நிதிஷ் குமார் ட்விட்டரில் எழுதினார். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதைச் செய்தித்தாள்கள் மூலம் அறிந்ததாகவும், தமிழ்நாட்டு அதிகாரிகளிடம் பேசும்படி தலைமைச் செயலாளருக்கும் டிஜிபிக்கும் உத்தரவிட்டிருப்பதாகவும் அந்தப் பதிவு சொன்னது. பொறுப்புள்ள முதல்வர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். அடுத்த மணிநேரத்தில் என்ன ஆனது? ‘தொழிலாளர் மீதான தாக்குதல் குறித்து முதல்வர் கவலை’ என்று அதுவே புதுச் செய்தி. பீகார் சட்டமன்றத்தில் அமளி, அதுவும் செய்தி.

‘செய்தித்தாள்கள் மூலம் அறிந்தேன்’ என்று அவரே சொல்லியிருந்தார். அந்த அரை வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போனார்கள். முதல்வருக்குச் சொன்னது பேப்பர், பேப்பருக்குச் சொன்னது வீடியோ. இப்போது பேப்பருக்குச் சொல்வது முதல்வர். பாம்பு தன் வாலையே கவ்விக்கொண்டது. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு வீடியோ, பேப்பர், முதல்வர், சட்டமன்றம் என்று நாலு சாட்சி தெரியும்.

தமிழ்நாட்டு டிஜிபி சைலேந்திர பாபு அன்றே வீடியோ வெளியிட்டு விளக்கினார். சுற்றிய வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் ரெண்டு தரப்பாக அடித்துக்கொண்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. உடம்பெல்லாம் கட்டுப்போட்டுக்கொண்டு ரெண்டு பேர் அழும் வீடியோ ஒன்று பாட்னாவிலேயே ஒரு வீட்டில் நடித்து எடுத்தது என்று பிறகு பீகார் போலீசே சொன்னது.

நடுவில் ரயில் நிலையப் படங்கள். மூட்டை முடிச்சோடு வடக்கே போகும் கூட்டம். படம் உண்மைதான். ஆனால் அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் நிற்கும் கூட்டத்தைப் படம் எடுத்து ‘சென்னையை விட்டுத் தப்பி ஓடும் தென்மாவட்ட மக்கள்’ என்று போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ரயில் நிலையப் படத்தைக் காட்டலாம்.

இந்த மாதிரிச் சமயத்தில் டெஸ்க்கில் செய்ய வேண்டியவை கடினமானவை இல்லை. வீடியோவிலிருந்து ரெண்டு மூன்று இடத்தில் படத்தை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், பழையது என்றால் அங்கேயே பல் இளித்துவிடும். கடைப் பலகையின் மொழி, பஸ்ஸின் நிறம், வண்டி நம்பர் பிளேட்டின் முதல் ரெண்டு எழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். ஒலியைக் கூட்டி என்ன மொழியில் கத்துகிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் அந்த ஊர்க் காவல்நிலையத்துக்கு ஒரு போன். எஃப்ஐஆர் இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரி, இறந்தவர் பெயர் என்ன? பன்னிரண்டு பேர் செத்தார்கள் என்று சொல்பவரால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், கதையை இறக்கி வையுங்கள். தலைவர் பேசியதைப் போட்டே ஆக வேண்டும் என்றால், அவர் எதை வைத்துப் பேசினார் என்பதும், அது சரிபார்க்கப்பட்டதா என்பதும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். ஏழாவது பத்தியில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

படி 4: நிபுணர் எதில் நிபுணர்?

செகல் போலி ஆள் இல்லை. நிஜமான பேராசிரியர். ஆனால் வைரஸ் அவருடைய துறை இல்லை. ஆட்டைத் தாக்கும் விஸ்னா வைரஸையும் மனிதரைத் தாக்கும் எச்டிஎல்வி-1 வைரஸையும் ஒட்டி, 1977-78 வாக்கில் ஃபோர்ட் டெட்ரிக்கில் எச்ஐவியைச் செய்தார்கள் என்பது அவர் வாதம். ஃபோர்ட் டெட்ரிக்கில் 1969 வரை உயிரி ஆயுத ஆராய்ச்சி நடந்தது உண்மை. நல்ல சதிக்கதையில் இப்படி ஒரு உண்மைச் செங்கல் கட்டாயம் இருக்கும். போய்ச் சரிபார்ப்பவர் முதலில் அதைத்தான் தொடுவார், கெட்டியாக இருக்கும், திரும்பி வந்துவிடுவார்.

எனவே சுற்றியிருக்கும் செங்கல்லை விட்டுவிட்டு நடுக்கல்லைத் தட்டுங்கள். செகல் கதைக்கு நடுக்கல் தேதி. 1959-இல் இன்றைய கின்ஷாசாவில் ஒருவரிடம் எடுத்துப் பாதுகாத்த ரத்தத்தில் எச்ஐவி இருந்தது பின்னால் உறுதியானது. மரபணுக்களை வெட்டி ஒட்டும் நுட்பம் வந்ததோ 1970-களில். 1977-இல் செய்த வைரஸ் 1959-இல் எப்படி ஒருவர் உடம்புக்குள் போயிருக்கும்? மரபணுச் சோதனையில் இது உறுதியானது 1998-இல்தான், 1987-இல் டெஸ்க்கில் இருந்தவருக்கு அந்த முடிவு கிடைத்திருக்காது, அது நியாயம். ஆனால் ‘நீங்கள் வைரஸ் ஆராய்ச்சி செய்பவரா?’ என்ற கேள்வி அன்றும் கிடைத்தது, காசும் ஆகாது.

நம் டிவி விவாதங்களில் ‘சமூக ஆர்வலர்’, ‘மூத்த ஆய்வாளர்’, ‘அரசியல் விமர்சகர்’ என்று பெயருக்குக் கீழே ஓடும் பட்டைகளைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

படி 5: ‘பிறகு’ எங்கே ‘அதனால்’ ஆகிறது என்று பாருங்கள்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் தயங்கக்கூடாது என்று கேமரா முன்னால் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துவிட்டார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவமனையும் சுகாதாரத்துறையும் மாரடைப்பு வந்த அன்றே சொன்னார்கள். தற்செயலாக நேர்ந்ததே என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளைப் பார்க்கும் தேசியக் குழுவும் பிறகு ஆராய்ந்து சொன்னது, ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த ரெண்டு நாளில் வந்த தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். ‘தடுப்பூசி போட்ட மறுநாளே…’ என்று மூன்று புள்ளியோடு முடிந்தவை எத்தனை? அந்தத் தலைப்பில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் மூன்று புள்ளியை வாசகர் எப்படி நிரப்பிக்கொள்வார் என்று வைத்தவருக்குத் தெரியும். தினமும் லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, அதற்கு அடுத்த நாள் மாரடைப்பு வருபவர்களும் அதில் இருக்கத்தான் செய்வார்கள். ஊசியே போடாவிட்டாலும் அவர்களுக்கு அன்று வந்திருக்கும். நேசித்த ஒருவர் திடீரென்று போய்விட்டால் ‘எதனால்?’ என்று மனசு அடித்துக்கொள்ளும், அது இயல்பு. அந்த அடித்துக்கொள்ளலுக்குள் கிளிக்கைத் தேடுவதுதான் அசிங்கம்.

செய்யக்கூடியது இதுதான். ரெண்டு நிகழ்ச்சிகளை ஒரே வாக்கியத்தில் வைத்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள உறவையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். சொல்ல ஆதாரம் இல்லையென்றால் ரெண்டு வாக்கியமாகப் பிரியுங்கள், தலைப்பில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

படி 6: ‘இரு தரப்பு’ என்ற வலை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. பிரிட்டிஷ் ஊடகங்கள் வருஷக்கணக்கில் ‘ஒரு டாக்டர் இப்படி, ஒரு டாக்டர் அப்படி’ என்று ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டன. பார்த்தவர்களுக்கு மருத்துவ உலகமே பாதிப் பாதியாகப் பிரிந்து நிற்கிறது என்று தோன்றியது. தடுப்பூசி போடுவது குறைந்தது. லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-இல். 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் தயங்கி நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டிசப் பேச்சும் அதில் ஒரு சரக்கு.

நடுநிலை என்றால் ஆதாரம் எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு இடம் கொடுப்பது. பல்லி விழும் பலனுக்கும் வானிலை அறிக்கைக்கும் சரிபாதி இடம் யாரும் கேட்பதில்லையே.

படி 7: சதி நிஜமாகவே இருந்தால்?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ‘சதி’ என்று யார் வந்தாலும் துரத்திவிடும் டெஸ்க், நாளைக்கு நிஜச் சதியையும் துரத்திவிடும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர். 1932-இலிருந்து 40 வருஷம், சிபிலிஸ் நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு, நோய் என்னவென்று சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத்துறை பார்த்துக்கொண்டே இருந்தது. கேட்டால் கட்டுக்கதை மாதிரி இருக்கும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஜீன் ஹெல்லர் 1972 ஜூலையில் அதை எழுதினார். அவரிடம் வந்து சேர்ந்தவை ஆவணங்கள். கொடுத்தவர் அதே சுகாதாரத்துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன், பெயர் உள்ள ஆள். துறையைக் கேட்டபோது துறையும் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் படியில் போட்ட தாளை இதற்கும் போட்டுப் பாருங்கள். கீழே இறங்க இறங்க எய்ட்ஸ் கதை மங்கிக்கொண்டே போனது. டஸ்கிகீ கதை இறங்க இறங்கத் தெளிவானது: பெயர், கோப்பு, தேதி, ஊர். இன்னொரு அடையாளமும் உண்டு. நிஜச் சதியில் சம்பந்தப்பட்டவர்கள் அளவாக இருப்பார்கள், தப்பும் செய்வார்கள், ஒருவர் மனசாட்சி உறுத்தி வெளியே வந்து சொல்வார். மறுப்பு வந்தால் ‘மறுக்கிறார்களே, அதுவே ஆதாரம்’ என்றும், ஆதாரம் இல்லையென்றால் ‘அழித்துவிட்டார்கள்’ என்றும் சொல்லும் கதையை எதைக் கொண்டும் பொய்யாக்க முடியாது. எதனாலும் பொய்யாக்க முடியாததை நிருபரால் நிரூபிக்கவும் முடியாது.

எய்ட்ஸ் அமெரிக்க அரசின் வேலை என்ற கதையைக் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் நம்பினார்கள். டஸ்கிகீ நினைவில் இருக்கும்போது அவர்களை முட்டாள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கேஜிபிக்கு இந்தப் புண் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. சதிக்கதையை மறுத்து எழுதும்போதும் இதை மறக்கக்கூடாது. நம்பியவரைக் கேலி செய்யும் செய்தியை நம்பியவர் படிக்கமாட்டார்.

படி 8: மறுப்பு எழுதும்போது வதந்தியை முன்னால் உட்கார வைக்காதீர்கள்

‘தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொலையா? டிஜிபி விளக்கம்’ என்பது மறுப்புச் செய்திதான். ஆனால் ஸ்க்ரோல் செய்துகொண்டு போகும் கண்ணில் விழுவது முதல் நாலு சொல். ‘திருப்பூர் வீடியோவில் மோதியது தொழிலாளர்களின் இரு கோஷ்டிகள்’ என்று உண்மையைத் தலைப்பில் வையுங்கள். வதந்தியை உள்ளே ஒரு முறை, மொட்டையாகச் சொல்லுங்கள். பிறகு மறுபடி உண்மைக்கு வந்து முடியுங்கள். வதந்தி வீடியோவை அப்படியே பதிக்காதீர்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்கே ‘பொய்’ என்று பெரிதாக அடித்துப் போடுங்கள், வெட்டி எடுத்துப் பரப்ப முடியாத மாதிரி.

எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டினால்தான் மறுப்பு நிற்கும். பிள்ளை பிடிப்பவர் வீடியோ விஷயத்தில் இது நடந்தது. பைக்கில் வரும் ரெண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி அது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த நடிப்புப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். முழு வீடியோவைப் பார்த்தவர் மறுபடி ஏமாறமாட்டார். ‘வதந்திகளை நம்ப வேண்டாம், காவல்துறை எச்சரிக்கை’ என்ற நாலு வரிச் செய்தியால் அந்த வேலை நடக்காது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன சென்னைக் குடும்பத்தை ஊர் மறித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. 65 வயது அம்மா ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார்.

எல்லாவற்றுக்கும் மறுப்பு எழுதவும் வேண்டாம். நாற்பது பேர் பார்த்த பொய்யை மறுத்து நாலு லட்சம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை இல்லை. குழுவை விட்டு வெளியே வந்துவிட்டதா, யாருக்காவது ஆபத்து இருக்கிறதா, பதவியில் இருப்பவர் யாராவது கையில் எடுத்துவிட்டாரா என்று பாருங்கள். மூன்றும் இல்லை என்றால் அதன் மேல் ஒரு கண்ணை மட்டும் வைத்திருங்கள்.

படி 9: நுழைந்துவிட்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் நுழையும். எய்ட்ஸ் கதைக்குப் பின்னால் இருந்தது தங்கள் ஆட்கள்தான் என்று ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் யெவ்கெனி பிரிமகோவ் 1992-இல் ஒப்புக்கொண்டார். கடிதம் வந்து ஒன்பது வருஷம் கழித்து. நாம் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள முடியாது.

தளத்தில் இருக்கும் செய்தியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். ‘உண்மை வெளியே வந்ததும் தூக்கிவிட்டார்கள், மிரட்டல் வந்திருக்கும்’ என்று அதையே புதுச் சதிக்கதை ஆக்குவார்கள். அதே முகவரியில் தலைப்பை மாற்றி, என்ன தப்பு, எப்போது திருத்தினோம் என்று மேலேயே எழுதுங்கள். முதல் பக்கத்தில் போட்ட தப்புக்குத் திருத்தமும் முதல் பக்கத்தில். வாட்ஸ்அப்புக்குப் போனது ஸ்க்ரீன்ஷாட் என்பதால் திருத்தமும் ஒரு படமாகவே இருக்கட்டும், தேதியும் பத்திரிகைப் பெயரும் தெரியும்படி, வெட்டினாலும் ‘தவறு’ என்ற சொல் போய்விடாதபடி நடுவில்.

என் கேள்விக்குறிச் செய்திக்கு மூன்றாம் நாள் ஒரு திருத்தம் போட்டோம். ஒன்பதாம் பக்கம், கீழ் மூலை, ஒரு கலம், டெண்டர் விளம்பரத்துக்கு மேலே. குடும்பக் குழுவில் அதை நானே படம் எடுத்துப் போட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குக் கீழே அடுத்த செய்தியாக யாரோ ஒரு குட்மார்னிங் படம் அனுப்பியிருந்தார்கள்.